சிட்டுக்கு ஒரு கையெழுத்து

அத்தியாயம் பதினான்கு

போன வாரக் கூட்டத்தில் அவள் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காலையில் டீ போடும்போது அது ஞாபகம் வந்து, அவள் தனக்குள் ஒருமுறை சிரித்துக்கொண்டாள். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இன்று முழுக்க அந்த வாக்கியம்தான் அவள் தொண்டையில் முள்ளாக நிற்கப் போகிறது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிடும் நிலையில் இருக்கிற பிள்ளைகளைக் கடைசித் தேர்வு வரை கூட்டிக்கொண்டுபோய், அதற்கு மேல் என்ன என்றும் யோசிக்க வைக்கிற நிலையம் அது. மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். அங்கே அவள்தான் மூத்த வழிகாட்டி. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பெரியக்கா. வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. நகரத்தின் மறுமுனையில் வேறு பெயரில் ஒரு கிளையும் உண்டு. வாரம் ஒருமுறை இரண்டு இடத்து வழிகாட்டிகளும் ஒன்றாக உட்கார்ந்து, பிடிபடாத பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்தப் பேச்சுக்கு விதிகள் உண்டு. பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது. ஒரு பறவையின் பெயரை வைக்க வேண்டும். அப்பா அம்மாவின் தொழிலை மாற்றிச் சொல்ல வேண்டும். இவை தவிர எப்போதைக்குமான விதி ஒன்று: சொந்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் வழிகாட்டியாக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் எழுதியவள் அவள்தான்.

போன வாரம் 'சிட்டு' என்ற பெண்ணின் கதையைக் கொண்டுவந்தவள் கண்ணாடி. கிளைக்குப் புதிதாக வந்த வழிகாட்டி. முகத்தைவிட மூக்குக்கண்ணாடி பெரிதாக இருப்பதால் அந்தப் பெயர். சிட்டு கடைசி வருஷம். மாதிரித் தேர்வில் தோற்றுவிட்டாள். அன்றிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. சீருடை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவாள். ஒரு கடையில் வேலை செய்துவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்கு வீடு திரும்புவாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது என்கிறாள். அம்மா தையல்காரி.

"அம்மாகிட்ட சொல்லிடலாமா, வேணாமா?" என்று கேட்டாள் கண்ணாடி.

அப்போதுதான் பெரியக்கா அதைச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறாங்க. சொந்தப் பொண்ணுக்குச் சட்டை பத்தாமப் போனது கண்ணுல படல. அந்தம்மாகிட்ட இப்பப் போய்ச் சொன்னா என்ன செய்வாங்க? இன்னும் இறுக்கித் தைப்பாங்க!"

அறையே சிரித்தது. பரீட்சை முடியும்வரை அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று முடிவானது.

*

"அம்மா, டீ பொங்குது."

திடுக்கிட்டு அடுப்பை அணைத்தாள். சமையலறை வாசலில் மகள் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. அப்பாவின் உயரம். யாரும் திட்டாதபோதே திட்டு வாங்கியவள் மாதிரி நிற்கும் பழக்கம் மட்டும் புதிது. பரீட்சை பயம் என்று அம்மா அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

"ஹால் டிக்கெட் என்னாச்சு?"

"இன்னிக்குத்தாம்மா கடைசி நாள். வாங்கிடுவேன்."

"நான் வரணுமா?"

"எதுக்கு? வேணாம்." பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

அவள் கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. நிலையத்துப் பையன் ஒருவன், நாளைக்குப் பேனா எழுதாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தான். ரெண்டு பேனா எடுத்துப் போடா ராஜா என்று பதில் தட்டிக்கொண்டே, மகளின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தாள்.

"என்னது கையில?"

"இஸ்திரிப் பெட்டி பட்டுடுச்சு."

"மருந்து போடு." தட்டி முடித்து அனுப்பினாள்.

கணவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டிடங்களையெல்லாம் உள்பக்கமாகத் தெரிந்தவன். போகிற போக்கில் மகளின் தலையில் கைவைத்தவன், குனிந்து மோந்து பார்த்தான்.

"என்ன குட்டி, கேக் மாதிரி மணக்குற?"

"புது ஷாம்புப்பா."

"பரீட்சை யாருக்கு, உனக்கா அம்மாவுக்கா? மூஞ்சியப் பாத்தா அம்மா ஃபெயிலாயிடுவா போல."

வழக்கமாக இதற்குச் சிரிக்கும் மகள் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அவனும் போனான். வீடு அமைதியானது. அவள் தன் டீயைக் கையில் எடுத்தாள்.

அப்போது கைபேசி அடித்தது. கண்ணாடி.

"அக்கா, சிட்டு விஷயம். அவசரம்."

"சொல்லு."

"நாளைக்குப் பரீட்சை. இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஹால் டிக்கெட் வாங்கணும். இவ ரெண்டு வாரமா பள்ளிக்கூடம் போகலையா, அப்பாவோ அம்மாவோ நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் தருவாங்களாம். நான் போட்டா செல்லாதுன்னுட்டாங்க. என்னக்கா செய்யறது? கூட்டத்துல எடுத்த முடிவை மாத்தணும்னா உங்ககிட்டதான் கேக்கணும்."

"பரீட்சை எழுத அவ தயாரா?"

"நேத்துதான் சரின்னா. ரெண்டு வாரமா கெஞ்சி வாங்கின சரி. அதான் பயமா இருக்கு. இப்ப நம்ம மேல நம்பிக்கை போச்சுன்னா அந்தச் சரியும் போயிடும்."

"இப்ப எங்க இருக்கா?"

"இங்க வந்துக்கிட்டு இருக்கா. இப்பத்தான் வழியிலேர்ந்து போன் பண்ணினா. பாவம்க்கா, நேத்து பேக்கரியில ஓவன் தட்டு பட்டு மணிக்கட்டு வெந்துபோச்சு. வீட்டுல இஸ்திரிப் பெட்டி பட்டுச்சுன்னு சொன்னாளாம். அவங்கம்மா திரும்பிக்கூட பாக்கலையாம்."

அவள் டீ டம்ளரை மேடையில் வைத்தாள். வைத்த சத்தம் வெகுதூரத்தில் எங்கேயோ கேட்டது.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "அந்தம்மா... நிஜமாவே தையல்காரியா?"

"அக்கா, அதைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"ஆமா. நான்தான். கொஞ்சம் டைம் குடு, கூப்பிடறேன்."

*

மகளின் அறைக்குள் போனாள். எதையும் தேடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெண்ணெயும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து எழுகிற வாசம். இரண்டு வாரமாக இந்த வீட்டில் இருந்த வாசம்தான். அவள் மூக்கு அதைக் கடந்து போயிருக்கிறது, தெரு விளம்பரத்தைக் கடந்து போவதுபோல.

ஆனால் பள்ளியிலிருந்து ஒரு தகவலும் வரவில்லையே? ஒரு நாள் போகாவிட்டாலும் வீட்டுக்குச் செய்தி அனுப்புவார்களே?

அந்தக் கேள்விக்குப் பதில் உடனே வந்தது. வந்தபோது உட்கார்ந்திருந்த இடத்திலேயே அவளுக்கு உடம்பு கூசியது. போன வருஷம் கைபேசி எண்ணை மாற்றினாள். எல்லாருக்கும் சொன்னாள். பால்காரருக்குக்கூடச் சொன்னாள். பள்ளிக்குச் சொல்லவில்லை. நிலையத்தில் புதிதாக வருகிற எந்தப் பிள்ளையிடமும் அவள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்: 'உன் வீட்டு நம்பர் பள்ளிக்கூடத்துல சரியா இருக்கா?' பேர் என்ன என்பதுகூட அதற்கப்புறம்தான்.

முதலில் கோபம் வந்தது. அதை அவள் மறுக்கவில்லை. ரெண்டு வாரம்! தினமும் முகத்தைப் பார்த்து டாட்டா காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இப்போதே கிளைக்குப் போய், நாலு பேர் முன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால் என்ன?

இறுக்கித் தைப்பார்கள் என்று சொன்னாளே, அது இதுதான்.

எழுந்து தலையணையை இருந்தபடியே வைத்தாள். அதை நேராக்கிவிட்டால்கூட மகளுக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. தன் வீட்டிலேயே திருடி மாதிரி வெளியே வந்தாள்.

*

நிலையத்தில் அன்று கூட்டம். பரீட்சைக்கு முந்தின நாள் பயத்தைத் தனியாகச் சுமக்க முடியாதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வக்கீலும் வந்திருந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பெண்ணுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தவளும் பெரியக்காதான்.

"பெரியக்கா, கணக்குல பாதி மார்க் வந்தாப் போதும்னு சட்டத்துல இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப ஏன் முழுசா படிக்கச் சொல்றீங்க? இது அநியாயம்."

"பாதி படிச்சா கால்தான் வரும். உக்காரு."

வக்கீல் உட்கார்ந்தாள். ஆனால் வாயை மூடவில்லை. "உங்க பொண்ணும் இந்த வருஷம்தானே? அவளுக்கு என்ன, வீட்டுலயே ஆள் இருக்கு." சற்று யோசித்தாள். "ஆனா பாவம்தான்."

"ஏன் பாவம்?"

"நாங்க வீட்டுல தோத்தா இங்க வந்து அழுவோம். இங்க தோத்தா வீட்டுக்குப் போயிடுவோம். அவ எங்க போவா? ரெண்டு பக்கமும் நீங்கதானே நிக்கறீங்க?"

பெரியக்கா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கீழே மெத்தைக் கடை ஆட்கள் ஒரு பெரிய மெத்தையை வண்டியில் ஏற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூக்கு என்றார். இன்னொருவர் விடு என்றார்.

"என்னக்கா, தப்பா பேசிட்டேனா?"

"இல்ல. நீ கணக்கைப் பாரு."

மாடிப்படியில் போய் நின்று கணவனைக் கூப்பிட்டாள். பின்னணியில் இரும்பு உராயும் சத்தம்.

"ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவதுக்கும் நடுவுல நிக்குது. உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டு கத்திக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் சொல்லு."

என்ன சொல்வது? சிட்டு பற்றிச் சொன்னால் விதி உடையும். மகளைப் பற்றிச் சொன்னால், அது எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும்.

"காலைல அவ தலையில கேக் வாசம்னு சொன்னீங்களே. இன்னிக்குத்தான் அடிச்சுதா?"

"இல்லியே. கொஞ்ச நாளா அடிக்குது."

"கேக்கலியா?"

"நீ கேப்பேன்னு விட்டுட்டேன். பசங்க விஷயம் உன் டிபார்ட்மென்ட் ஆச்சே." இரும்பு உராய்வது நின்றது. "ஏன், ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல. நீங்க அந்த மனுஷனை முதல்ல வெளிய எடுங்க."

"அவரு வர மாட்டேங்கறாரு. கதவைத் திறந்து கையை நீட்டினா பயந்து பின்னால போறாரு. அவரா பிடிச்சாத்தான் இழுக்க முடியும்." அவன் வைத்துவிட்டான்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். பெரியக்காவாக யோசித்தால் பதில் எளிது. வேறு எந்தப் பிள்ளைக்கும் அவள் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். அம்மாவாக யோசித்தால், அந்தப் பதிலில் தனக்கு இடமே இல்லாமல் போகலாம். எதைச் சொன்னாலும் தனக்காகச் சொன்னோமா, அவளுக்காகச் சொன்னோமா என்று பிறகு யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. தன்னாலேயே முடியாது.

கண்ணாடியைக் கூப்பிட்டாள்.

"முடிவை மாத்தறேன். நீ யாரையும் கூப்பிடாத. யாரு வரணும்னு அவளையே கேளு. அப்பாவா, அம்மாவா, அவளே போன் பண்ணட்டும்."

"அவ பண்ண மாட்டா அக்கா. அம்மான்னாலே உடம்பு ஆடுது."

"அடிப்பாங்களா?"

"சேச்சே. அப்படிப்பட்டவங்க இல்லையாம். அடிச்சாக்கூடப் பரவால்லன்னு சொன்னா. 'அம்மா என்னை ரொம்பப் புரிஞ்சுக்குவாங்க, அதான் பயம்'ங்கறா. என்னக்கா அர்த்தம் அதுக்கு?"

அவள் படியிலிருந்து எழுந்தாள். "தெரியல," என்றாள். "அவகிட்டயே கேளு."

*

கைபேசியை மேசைமேல் மல்லாக்க வைத்தாள். ஒலியை முழுதாகக் கூட்டினாள். பிள்ளைகள் வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். யாருக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைபேசி அடித்தது, மெத்தைக் கடைக்காரர், வாசலில் சைக்கிள்களை எடுக்கச் சொன்னார். மறுபடி அடித்தது, பேனா கேட்ட பையன், இப்போது அழிப்பான் கேட்டான்.

மதியச் சாப்பாட்டைத் திறந்து மூடினாள். மூன்று மணிக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பேருந்தில் அரை மணிக்கு மேல் பயணம். வழி நெடுக, போகக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனாள்.

பள்ளிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே தள்ளி நின்று, எதையோ நகல் எடுக்க வந்தவள்போலக் கைப்பையைத் துழாவினாள். கடைக்காரப் பெண் என்ன வேணும் என்றாள். "இருங்க, தேடறேன்," என்றாள். அது பொய்யுமில்லை.

பள்ளி வாசலில் கண்ணாடி நின்றிருந்தாள். பக்கத்தில் சிட்டு.

சிட்டு என்றுதான் தோன்றியது. அதுதான் விசித்திரம். தினமும் வீட்டில் பார்க்கிற முகத்தை அவள் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். வாரி முடிக்காத தலை. சீருடைச் சட்டை தோளில் நிஜமாகவே இறுக்கமாக இருந்தது. கையில் கைபேசி. எடுப்பதும், பார்ப்பதும், பாக்கெட்டில் வைப்பதுமாக இருந்தாள். கண்ணாடி எதுவும் பேசாமல் பக்கத்தில் நின்றாள். நல்லா கத்துக்கிட்டிருக்கா, என்று பெரியக்கா நினைத்தாள். நானா இருந்தா இந்நேரம் பேசியிருப்பேன்.

காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து சோம்பல் முறித்து, வாசல் கதவின் ஒரு பாதியைச் சாத்தினார்.

கூப்பிடு. அப்பாவையாவது கூப்பிடு. யாரையாவது.

மகள் கைபேசியைக் காதில் வைத்தாள். இவள் கைப்பை அதிர்ந்தது.

முழு ஒலியில் வைத்திருந்தது கடை முழுக்கக் கேட்டது. பதறிப்போய் எடுத்தாள்.

"சொல்லு கண்ணு."

"அம்மா." தெருவுக்கு அந்தப் பக்கம் வாய் அசைந்தது, இந்தப் பக்கம் காதில் குரல் ஒரு கணம் பிந்திப் பிந்தி வந்தது. "அம்மா, நீ எங்க இருக்க?"

நிலையத்துல, என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் தனக்கு முன்பே தெரியும் என்பது வெளியே வராது. அவளாகவே அம்மாவைக் கூப்பிட்டாள், அம்மா வந்தாள் என்று கதை சுத்தமாக முடியும். ஆனால் நிலையத்திலிருந்து இங்கே வர அரை மணிக்கு மேல் ஆகும். கதவு பாதி சாத்தியாகிவிட்டது.

"அம்மா, பள்ளிக்கூடத்துக்கு வர முடியுமா? ஏன்னு இப்பக் கேக்காத. ப்ளீஸ். நாலு மணிக்குள்ள." குரல் உடைந்தது. "வர முடியாதுல்ல? தெரியும். ரொம்ப தூரம். பரவால்ல, விடு."

"வெக்காத!"

கடைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெக்காத கண்ணு. வரேன்."

கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே வெளியே வந்தாள். ஒரு வண்டி ஒலி எழுப்பிக்கொண்டு போனது. அந்த ஒலி மகளின் கைபேசிக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். மகள் திரும்பிப் பார்த்தாள்.

தெருவைக் கடக்கிற அந்த நேரத்தில் மகளின் முகத்தில் ஓடியதை அவள் தன் ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை. முதலில் ஒரு பெரிய நிம்மதி. தொலைந்துபோன குழந்தை அம்மாவைக் கண்டதும் வருமே, அது. அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தாள். எப்படி? இவ்வளவு சீக்கிரம் எப்படி? முகம் மூடிக்கொண்டது. அந்த முகம் பெரியக்காவை விட்டு, மெதுவாகக் கண்ணாடியின் பக்கம் திரும்பியது.

கண்ணாடியின் வாய் திறந்தபடி இருந்தது. "அக்கா... நீங்க... இவ உங்க...?"

"அப்புறம்," என்றாள் அவள். "முதல்ல கையெழுத்து."

*

அலுவலகத்தில் ஒரே ஒரு குமாஸ்தா. "கடைசி நாள் நாலு மணிக்குத்தான் எல்லா அம்மாவுக்கும் பிள்ளை ஞாபகம் வரும்," என்றார் தலையைத் தூக்காமல். "ரெண்டு வாரமா மெசேஜ் மேல மெசேஜ். ஒரு பதில் உண்டா? போனை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"நம்பர் மாறிடுச்சு. சொல்ல மறந்தது என் தப்பு."

மகள் அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். அவசரத்தில் கையெழுத்து அவளுக்கே அடையாளம் தெரியாத மாதிரி விழுந்தது. குமாஸ்தா அதைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஹால் டிக்கெட்டை மகளிடம் கொடுத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்ச். அங்கே வந்து நின்றதும் மகள் கண்ணாடியிடம் சொன்னாள்:

"நீங்க சொல்லிட்டீங்கல்ல?"

"சத்தியமா இல்லடா. எனக்கே இப்பத்தான்..."

"பின்ன எப்படி வந்தாங்க? பறந்து வந்தாங்களா? உங்களை நம்பினேன்க்கா. உங்களை மட்டும்தான் நம்பினேன்." ஹால் டிக்கெட் அவள் கையில் கசங்கியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கிழிந்துவிடும்.

பெரியக்கா அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். நிறுத்திக்கொண்டாள். நல்ல ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது: பள்ளியில் இருந்து கூப்பிட்டார்கள் என்று சொல்லலாம். எல்லாருக்கும் நல்லது. கண்ணாடி எதிரே நிற்கிறாள். வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் அப்படிச் சொன்னால் நாளைக்கு மகள் யாரை நம்பி அந்தத் தேர்வு அறைக்குள் போவாள்?

"அவ சொல்லல," என்றாள். "போன வாரம் ஒரு கூட்டத்துல சிட்டுன்னு ஒரு பொண்ணைப் பத்தி இவ பேசினா. யாருன்னு எனக்குத் தெரியாது. காலைல உன் கையில பட்ட சூட்டைப் பத்திச் சொன்னா. அப்பத்தான் தெரிஞ்சுது. இவளுக்கு என்னைத் தெரியும், உன் அம்மான்னு தெரியாது. தப்பு இவமேல இல்ல."

மகள் கண்ணைச் சுருக்கினாள். எதையோ கோத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"கூட்டத்துலயா?" கண்ணாடியிடம் திரும்பினாள். "உங்களுக்கு மேல ஒரு அக்கா இருக்காங்க, அவங்கதான் எனக்காகப் பேசினாங்கன்னு சொன்னீங்களே. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு... அந்தத் தையல்காரி ஜோக் அடிச்சாங்களே..."

கண்ணாடி தரையைப் பார்த்தாள்.

"அந்தப் பெரியக்காவை ஒரு தடவை பாக்கணும்னு நான் உங்ககிட்ட கேட்டேன். பரீட்சை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்னீங்க." மகளின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "அது... நீயாம்மா?"

"நான்தான்."

மகள் சிரித்தாள். சிரிப்புமாதிரி ஆரம்பித்தது, பாதியில் வேறாக மாறியது. பெஞ்சில் உட்கார்ந்து, கசங்கிய ஹால் டிக்கெட்டை மடியில் வைத்து நீவினாள். நீவிக்கொண்டே பேசினாள்.

"பேக்கரியில நாளைலேர்ந்து நிரந்தரமா வரச் சொல்லிட்டாங்க. காலைல ஆறு மணிக்கு. போனாத்தான் வேலை, இல்லன்னா வேற ஆள். பத்து மணிக்குப் பரீட்சை. எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. சரின்னு இந்த அக்காகிட்ட சொன்னது இவங்க அழுதுடுவாங்கன்னுதான்."

"நான் ஒண்ணும் அழ மாட்டேன்," என்றாள் கண்ணாடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

"கண்ணு..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"அது அம்மா கூப்பிடறது." மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஈரமான, பிடிவாதமான பார்வை. "அம்மாகிட்ட இப்ப என்னால பேச முடியாது. வீட்டுக்கு வந்தாலும் முடியாது. ஆனா அந்தப் பெரியக்காகிட்ட பேசணும். ஒரு அரை மணி நேரம். முடியுமா?"

"அக்கா," என்றாள் கண்ணாடி மெல்ல. "நம்ம விதி..."

தெரியும். எழுதியவளுக்குத் தெரியாதா? எதற்காக எழுதினாள் என்பதும் தெரியும். பெற்றவர்களால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது, அதனால்தான்.

தாழ்வாரக் கோடியில் குமாஸ்தா அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மகளை ஒட்டியல்ல, நடுவில் இன்னொருவர் உட்காரும் இடம் விட்டு. கைப்பையைத் திறந்து கைபேசியின் ஒலியை அணைத்தாள்.

மகள் அந்த இடைவெளியைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"கேளுங்க பெரியக்கா," என்றாள். பிறந்ததிலிருந்து அவளை ஒருமுறைகூட 'ங்க' போட்டுக் கூப்பிடாதவள். "எல்லாருகிட்டயும் முதல்ல ஒண்ணு கேப்பீங்களாமே. என்கிட்டயும் கேளுங்க."

அவள் வாயைத் திறந்தாள். "உன் வீட்டு நம்பர்," என்று கேட்டாள், "பள்ளிக்கூடத்துல சரியா இருக்கா?"